ஜன்னல் மாற்றினால் மின்வாரியம் பணம் தருமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு கணக்கு

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தராது. பழைய ஜன்னலைக் கழற்றிவிட்டு வெப்பம் தடுக்கும் புது ஜன்னல் போட்டால் அதற்கென்று வீட்டுக்காரருக்குக் காசு கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டு மின்வாரியத்தில் இல்லை. கடையில் யாராவது "இதுக்கு சப்சிடி வரும் சார்" என்று சொன்னால், எந்தத் திட்டம், எந்த அரசாணை என்று எழுதிக் கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில் சொல்கிறார்கள். அங்கே பல ஊர்களில் கரண்ட் கம்பெனிகளே ஜன்னலுக்கு இவ்வளவு என்றோ, சதுர அடிக்கு இவ்வளவு என்றோ திருப்பித் தருகின்றன. அது போக, மத்திய அரசின் வருமான வரியில் ஜன்னல் செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 600 டாலர் கழிவு இருந்தது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்தும் ஜன்னலுக்கு அந்தக் கழிவு கிடையாது. கம்பெனிகள் தருவது மட்டும் ஊருக்கு ஊர் வேறு வேறாகத் தொடர்கிறது.

அந்தப் பணம் நமக்கு வராவிட்டாலும், பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் பார்க்கும் இரண்டு எண்கள் நமக்கும் வேண்டியவை. ஒன்று யு மதிப்பு. வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்று இருக்கும்போது ஜன்னல் வழியாக எவ்வளவு வெப்பம் கடந்து வருகிறது என்பது அது. இன்னொன்று எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடியில் விழும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பதைச் சொல்வது. 0.85 என்றால் 100-க்கு 85 பங்கு உள்ளே வந்துவிடுகிறது. இரண்டும் எவ்வளவு குறைவோ, நம் ஊருக்கு அவ்வளவு நல்லது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருளுக்கு அமெரிக்காவில் தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரை, 2023 அக்டோபர் முதல், வெயில் அதிகமான தென் மண்டலத்து ஜன்னலுக்கு எஸ்.எச்.ஜி.சி. 0.23-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. குளிர் மிகுந்த வட மண்டலத்தில் யு மதிப்பில்தான் கெடுபிடி. அங்கே கொஞ்சம் வெயில் உள்ளே வருவதையே விரும்புகிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல், "டபுள் கிளாஸ் போட்டால் போதும்" என்று வாங்குபவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். சாதாரண வெள்ளைக் கண்ணாடி இரண்டைச் சேர்த்துச் செய்த டபுள் கிளாஸில் யு மதிப்பு பாதியாகும், எஸ்.எச்.ஜி.சி. 0.7-க்கு மேல்தான் நிற்கும். குளிரும் சத்தமும் குறையும், மேற்கு வெயில் வழக்கம்போல உள்ளே வந்து உட்காரும்.

நம் ஊரில் மானியம் ஒளிந்திருக்கும் இடம்

தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு வாசல்படி. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500-க்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை; 501 ஆகிவிட்டால் கடைசி யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-வது யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. 2024 ஜூலை கட்டணப்படி, 500-க்குள் இருப்பவருக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. தாண்டியவருக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை 4.80, 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80.

கூட்டிப் பாருங்கள். சரியாக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-க்கு 2,093 ரூபாய் 55 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 288 ரூபாய்க்கு மேல். ஜன்னலுக்கான கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் 560 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 2,598 ரூபாய். அதே வீடு 495-க்கு இறங்கினால் 1,773 ரூபாய் 50 காசு. 65 யூனிட் குறைந்ததற்கு 824 ரூபாய் மிச்சம். யூனிட் ஒன்றுக்கு 12 ரூபாய்க்கு மேல் விழுகிறது. அதே 65 யூனிட்டை 400-லிருந்து 335-க்குக் குறைத்தவருக்குக் கிடைப்பது 305 ரூபாய் 50 காசு மட்டும். 900-லிருந்து 835-க்கு வந்தவருக்கு 695 ரூபாய். ஆக, கோடையில் 505-க்கும் 600-க்கும் நடுவே தத்தளிக்கும் வீடுகளுக்குத்தான் வெப்பத்தைத் தடுப்பதில் அதிக லாபம். உங்கள் பழைய பில்களை எடுத்து, மார்ச் முதல் ஜூன் வரை வரும் இரண்டு கணக்கெடுப்புகளிலும் யூனிட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். ஆண்டு முழுவதும் 350-ஐத் தாண்டாத வீடு என்றால், கரண்ட் பில்லுக்காக ஜன்னல் மாற்றாதீர்கள். புழுக்கத்துக்காக, கரையானுக்காக, பூட்டு ஆடுவதற்காக மாற்றுங்கள். அவையும் நியாயமான காரணங்கள்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 40 யூனிட் குறையும். 500-ஐச் சற்றே தாண்டும் வீட்டுக்கு முதல் செலவு ஜன்னலுக்கு அல்ல, அதிகம் ஓடும் இரண்டு ஃபேன்களுக்குத்தான். இதைச் சொல்லாமல் ஜன்னலைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது.

ஒரு மேற்கு ஜன்னல் எவ்வளவு வெப்பம் கொண்டுவருகிறது

நாலுக்கு நாலு ஜன்னல். சட்டம் போக, கண்ணாடி மட்டும் 1.1 சதுர மீட்டர் இருக்கும். ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 முதல் 600 வாட் வெயில் விழும். சாதாரண 4 மி.மீ. கண்ணாடி என்றால் உள்ளே வருவது ஏறக்குறைய 500 வாட். அதே நேரம் வெளியே 38 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்று வைத்தால், கண்ணாடி வழியாக வெறும் சூட்டு வித்தியாசத்தால் வருவது 70 வாட். ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் நம் ஊரில் யு மதிப்பைவிட எஸ்.எச்.ஜி.சி.யை முதலில் கேளுங்கள் என்கிறேன்.

ஒரு டன் ஏ.சி. வெளியேற்றுவது சுமார் 3,500 வாட் வெப்பம். அதில் ஏழில் ஒரு பங்கு இந்த ஒரு ஜன்னலுக்கே போகிறது. மாலையில் தொடர்ந்து நாலு மணி நேரம் இந்த வெப்பத்தை வெளியேற்ற நல்ல ஏ.சி.க்கு அரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். இரண்டு மேற்கு ஜன்னல் என்றால் 60. மேலே சொன்ன 560-க்கும் 495-க்கும் இடையிலுள்ள தூரம் அநேகமாக இதுதான். ஏ.சி.யை இரவில் மட்டும் போடுபவருக்கு இவ்வளவு வராது. ஆனாலும் மாலையில் உள்ளே வந்த சூடு தரையிலும் சுவரிலும் மெத்தையிலும் தங்கி, ராத்திரி பத்து மணிக்கு மேல் மெல்ல வெளியே வருகிறது. "ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் ரூம் கூல் ஆகலை" என்பதற்குப் பாதிக் காரணம் இது, மீதி, மொட்டை மாடி.

"எங்க வீட்ல சன்ஷேடு இருக்கே" என்று கேட்கலாம். தெற்கு ஜன்னலுக்கு அது போதும். தருமபுரி 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் டிசம்பர் உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டு அடி சன்ஷேடு ஜன்னலில் பெரும்பகுதிக்கு நிழல் தந்துவிடும். மேற்கில் கதை வேறு. ஏப்ரலில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் 36 டிகிரியில் இருக்கும். இரண்டு அடி சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஒன்றரை அடிதான் இறங்கும். ஐந்து மணிக்கு முக்கால் அடி. மீதி மூன்றேகால் அடியும் வெயில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களில் மாலை வெயில் நேர் மேற்கிலிருந்து 15 முதல் 20 டிகிரி வடக்கே தள்ளி, சாய்வாக அடிக்கிறது. வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்ற நம்பிக்கை அந்த மாதங்களில் பொய்த்துப்போவதும் இதனால்தான்.

முதல் வேலை: வெளியே நிழல்

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால் அதன் சூடும் வெளியிலேயே போய்விடும். உள்ளே வந்தபின் திரைச்சீலை போட்டால், சீலை சூடாகி அறையைச் சூடாக்கும். வெள்ளைத் திரை கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அடர் நிறத் திரை ஒரு ஹீட்டர் மாதிரிதான்.

இந்த இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு வசதி உண்டு. ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் நாற்றுப் பண்ணைக்கும் பூச்சாகுபடிக்கும் ஷேடு நெட், அதாவது நிழல் தரும் பிளாஸ்டிக் வலை, நிறைய ஓடுகிறது. உரக்கடையிலோ பண்ணைப் பொருள் கடையிலோ மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் நெட், வெயிலுக்கு இற்றுப்போகாத யு.வி. ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 50 சதவீதம் போதாது. 90 போட்டால் பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும். வெள்ளி நிற நெட் கிடைத்தால் விலை கூட என்றாலும் அதுவே சிறந்தது.

நாலுக்கு நாலு ஜன்னலுக்கு, ஆறு அடி அகலம், ஐந்து அடி நீளம் வெட்டினால் போதும். மேலும் கீழும் இரண்டு அங்குலம் மடித்துத் தைத்து, அதில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டுக் கண்ணி அடிக்கச் சொல்லுங்கள். மேலே ஐந்து, கீழே ஐந்து. ஆறு அடியில் முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் ஒன்று மேலே, அரை அங்குல பி.வி.சி. பைப் ஒன்று கீழே. சன்ஷேடின் வெளி விளிம்புக்கு அடியில் மூன்று கொக்கி. கொக்கிக்குத் துளை போடும் முன் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்; டொப் டொப் என்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை விட்டிருக்கிறது. அங்கே துளை போட்டால் விளிம்பே பெயர்ந்து விழும். அந்த மாதிரி வீட்டில் பைப்பைச் சுவரில் பிராக்கெட் வைத்துப் பிடிப்பதுதான் பாதுகாப்பு.

நெட் கண்ணாடியை ஒட்டி இருக்கக் கூடாது. சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்குவதால் இரண்டு அடி இடைவெளி தானாகக் கிடைக்கிறது. சூடான காற்று பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஜன்னலின் அடிமட்டம் வரை தொங்கினால் போதும், தரை வரை விடத் தேவையில்லை. ஆனால் பக்கவாட்டில் கவனம் வேண்டும். மே, ஜூன் வெயில் வடக்கே சாய்ந்து வருவதால், வீட்டுக்குள் நின்று மேற்கே பார்த்தால் வலது கைப் பக்கம் நெட் ஜன்னலைத் தாண்டி முக்கால் அடியாவது போக வேண்டும். பலர் நெட்டை நடுவில் சரிசமமாகக் கட்டிவிட்டு, "கட்டியும் ஒரு பட்டை வெயில் விழுதே" என்பார்கள். பைப்பை வடக்கே நகர்த்தினால் தீர்ந்தது.

கோடை மழைக்கு முன்னால் வரும் சுழற்காற்றும் ஆடிக் காற்றும் நெட்டைக் கிழிப்பது கீழ்ப் பைப்பை இறுகக் கட்டிவைத்த வீடுகளில்தான். கீழே ஒரு இழுப்பு முடிச்சு மட்டும் போடுங்கள். காற்று வரும்போது ஒரே இழுப்பில் அவிழ்த்துச் சுருட்டி மேலே செருகிவிடலாம். நவம்பரில் கழற்றி வைத்துவிட்டால் அடுத்த பிப்ரவரிக்கு அதே நெட் ஆகும்.

என்னைக் கேட்டால், முக்கால்வாசி வீடுகளுக்கு இதோடு வேலை முடிந்தது. ஆயிரங்களில் ஜன்னல் வாங்கிக் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு சில நூறு ரூபாயில் கிடைத்துவிடுகிறது.

ஃபிலிமும் கண்ணாடியும்

மாடியில் சன்ஷேடு இல்லாத ஜன்னல், தெருப் பக்கம் நெட் கட்ட மனமில்லாத முகப்பு: இவற்றுக்குக் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம். காருக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிம் வேண்டாம். அது நிறம் ஏற்றியது; வெளிச்சத்தைத் தடுக்கும் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்காது. நாளடைவில் ஊதாவாக வெளுத்துக் கொப்புளம் விடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் ரகம்தான் வேண்டும், எஸ்.எச்.ஜி.சி. 0.4-க்கு அருகே என்று தாளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி சில வீடுகளில் தானாகக் கீறல் விடும். கல் பட்டிருக்கும் என்று நினைப்பார்கள். ஃபிலிம் வெப்பத்தைக் கண்ணாடியிலேயே தேக்குகிறது. கண்ணாடியின் ஒரு பாதியில் சன்ஷேடு நிழல், மறுபாதியில் வெயில். சூடான பாதி விரிகிறது, குளிர்ந்த விளிம்பு இழுத்துப் பிடிக்கிறது. விளிம்பில் வெட்டும்போது விழுந்த சிறு பொக்கை இருந்தால் அங்கிருந்து கீறல் கிளம்பும். சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டஃபன்டு கண்ணாடிக்கு இந்தப் பயம் இல்லை. பழைய சாதாரணக் கண்ணாடிக்கும், ஏற்கெனவே உள்ள டபுள் கிளாஸுக்கும் அடர்ந்த ஃபிலிம் ஒட்டாதீர்கள்.

மரச் சட்டம் நன்றாக இருக்கிறது, கண்ணாடி மட்டும் மாற்றலாம் என்றால், முதலில் கண்ணாடி உட்காரும் காடியின் ஆழத்தை அளக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய தேக்கு, வேப்பமர ஜன்னல்களில் அது 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 20 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ள டபுள் கிளாஸ் அதில் உட்காராது. வெயில் சூட்டைக் குறைக்கும் 5 அல்லது 6 மி.மீ. சோலார் கன்ட்ரோல் கண்ணாடி, மேலே மரப் பீடிங், சிலிக்கான் என்று முடித்துக்கொள்வதுதான் வழி. எடையையும் பாருங்கள்: கண்ணாடி சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ.க்கு 2.5 கிலோ. அரை சதுர மீட்டர் கதவில் 4 மி.மீ. என்றால் 5 கிலோ, 6 மி.மீ. என்றால் ஏழரைக் கிலோ. இரண்டு கீல் உள்ள கதவுக்கு மூன்றாவது கீல் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கதவு இறங்கி, தாழ்ப்பாள் துளையில் விழாது.

முழு ஜன்னலையும் மாற்றுவதென்றால்

கரையான் அரித்த சட்டம், துருப்பிடித்த இரும்பு ஜன்னல், கீறல் விட்ட சிமெண்ட் ஜன்னல்: இவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு, கதவு போலத் திறக்கும் ஜன்னலை எடுத்துவிட்டு ஸ்லைடிங் போடுவது. பழைய நாலுக்கு நாலு ஜன்னல் முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய 16 சதுர அடி காற்று. இரண்டு தடம் உள்ள ஸ்லைடிங்கில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும், 8 சதுர அடி. தருமபுரியில் பகல் கொதித்தாலும் ராத்திரி இறங்கிவிடும். கிருஷ்ணகிரி, அதற்கு மேலே ஓசூர் இன்னும் குளிரும். பகலில் மூடி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதுதான் இந்த மண்ணுக்குக் கிடைத்த இலவச ஏ.சி. அதைப் பாதியாகக் குறைக்கும் ஜன்னல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் நஷ்டம்தான்.

வீட்டுக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற நெறிமுறை 2018-ல் வந்தது. திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது மண்டலவாரியாகச் சொல்கிறது. குளிர்ப் பிரதேசம் நீங்கலாக, 10 முதல் 16.66 சதவீதம் வரை. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 12 முதல் 20 சதுர அடி. பால்கனிக் கதவும் இந்தக் கணக்கில் சேரும். ஜன்னல்காரரிடம் "கண்ணாடி எத்தனை சதுர அடி" என்று கேட்பதை விட்டுவிட்டு, "திறந்தால் எத்தனை சதுர அடி" என்று கேளுங்கள்.

யு.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் என்று முடிவு செய்தால் வெள்ளை நிறமே எடுங்கள், அதிலும் மேற்கில். பிளாஸ்டிக் சூட்டில் விரியும்: ஒன்றரை மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. அடர் பழுப்பு நிறம் இன்னும் சூடேறி, இன்னும் விரிந்து, மாலையில் கதவு இறுகிக்கொள்ளும். சட்டத்துக்குள் ஜி.ஐ. கம்பிப்பட்டை வைத்திருக்கிறார்களா என்பதைக் காந்தம் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், உயரத்தையும் அப்படியே. மூன்றில் சிறியதை எடுத்து, அதில் 10 மி.மீ. கழித்தால் சட்டத்தின் அளவு. இரண்டு குறுக்களவும் எடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் முதலில் கொத்தனார் வேலை, பிறகுதான் ஆர்டர். சட்டத்தை மூலையிலிருந்து 15 முதல் 20 செ.மீ.யில் ஒரு ஃபாஸ்டனர், பிறகு 60 செ.மீ.க்குள் ஒன்று என்று பிடிக்க வேண்டும். பழைய கருங்கல் சுவரில், மண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ உள்ள இணைப்பில் ஃபாஸ்டனர் பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லிலேயே துளை விழ வேண்டும், அல்லது ஓரத்தைச் சிமெண்டில் கட்டிக் காயவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். இடைவெளியில் ஃபோம், வெளிப்பக்கம் அதன்மேல் சிலிக்கான். வெறும் ஒயிட் சிமெண்ட் பூசி அடைப்பவர்களை விடாதீர்கள். சட்டம் விரிந்து சுருங்கும்போது அது விட்டுவிடும், மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கும். கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடிய இருக்கும் நீளத் துளைகளைச் சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போவதும் உண்டு. பணம் கொடுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தடத்தில் ஊற்றிப் பாருங்கள், வெளியே வர வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஜன்னல் அடியில் கிரானைட் போடாத வீடு குறைவு. வெளிப்பக்கம் 5 முதல் 10 மி.மீ. சரிவு இருக்க வேண்டும். சுவரைத் தாண்டி ஒரு அங்குலம் நீட்டி, நீட்டிய பகுதியின் அடியில் ஒரு காடி வெட்டியிருக்க வேண்டும். அந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாகத் திரும்பி வந்து சுவருக்குள் போகும்.

விலைப்பட்டியலில் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அளவை அடுத்த அரை அடிக்கு ஏற்றிக் கணக்கிடும் பழக்கம். 3 அடி 8 அங்குலத்துக்கு 3 அடி 7 அங்குலம் என்பது 13.14 சதுர அடி, ஏற்றினால் 16. சதுர அடிக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஜன்னலுக்கே 2,000 ரூபாய் வித்தியாசம். இன்னொன்று கம்பி. பழைய மரச் சட்டத்தில் பதித்த கம்பி சட்டத்தோடு போய்விடும். புது கிரில் விலை பட்டியலில் இருக்காது. வேலை நடுவில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். கொசுவலை வேண்டுமா, அதற்குத் தனித் தடம் உண்டா என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-இ பூச்சுள்ள டபுள் கிளாஸுக்குப் பணம் கொடுத்திருந்தால், பூச்சு இருக்கிறதா, சரியான பக்கம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இருட்டியபின் வெளியே நின்று, கண்ணாடிக்கு அருகில் லைட்டரைப் பற்றவையுங்கள். நான்கு சுடர்கள் தெரியும், கண்ணாடியின் நான்கு முகங்களுக்கு நான்கு. ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிய வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் அது இரண்டாவதாக இருக்க வேண்டும். நான்கும் ஒரே நிறம் என்றால் பூச்சே இல்லை. மூன்றாவது நிறம் மாறியிருந்தால் கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். வெப்பம் உள் கண்ணாடி வரை வந்துவிடும். இடையில் ஆவி படர்ந்தால் ஓரத்து சீல் போய்விட்டது, அதைத் துடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை பில்லில் எழுதி வாங்க வேண்டியது இதற்காகத்தான்.

பணம் உண்மையில் வரும் இடம்

வீட்டு மின்சாரத்துக்காக அரசு நேரடியாகப் பணம் தருவது மொட்டை மாடி சோலாருக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்கு நாலு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. இதனால்தான் நிழல், ஃபேன், ஜன்னல் வேலைகளை முதலில் முடிக்கச் சொல்கிறேன். கோடையில் 560 ஓடிய வீடு 420-க்கு இறங்கிவிட்டால், மூன்று கிலோவாட் கேட்கும் இடத்தில் இரண்டே போதுமானதாக இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரில், அல்லது வீட்டை விற்றவர் பெயரில் இணைப்பு இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் பதிவு. இல்லையென்றால் கடைசிப் படியில் வங்கிக் கணக்குப் பெயரோடு பொருந்தாமல் மானியம் நின்றுவிடும். திட்டத்தின் இணையதளத்தில் இணைப்பு எண் கொடுத்துப் பதிந்து, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனலின் செல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும், அதைக் குறிக்கும் டி.சி.ஆர். என்ற எழுத்து பில்லில் இருக்கிறதா பாருங்கள், வெளிநாட்டு செல் என்றால் மானியம் இல்லை. நாம் எடுப்பதையும் திருப்பித் தருவதையும் சேர்த்துக் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் பார்த்து ஒப்புதல் தந்தபின், வங்கி விவரத்தைப் பதிவேற்றினால் பணம் உங்கள் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டையோ, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ "நாங்களே எடுத்துக்கறோம்" என்று கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். ரத்து செய்த காசோலை ஒன்றின் படம் போதும்.